ஹாரியட் வின்ஸ்லோ நினைவு நூல்: ஒரு மதிப்பீடு

ஹாரியட் வின்ஸ்லோ நினைவு நூல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் சார்பில் பணியாற்றி 1833ல் மறைந்த ஹாரியட் வின்ஸ்லோவைப் பற்றிய ஆங்கில நூல். அவருடைய கணவர் மிரோன் வின்ஸ்லோ தொகுத்த இந்நூல் 1835ல் நியூயார்க்கில் வெளியானது. ஹாரியட்டின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இதன் அடிப்படை. அவற்றோடு அமெரிக்க இலங்கை மிஷனின் தொடக்க வரலாறும் சேர்க்கப்பட்டது. உடுவில் பெண்கள் பள்ளி எப்படித் தொடங்கியது என்பதை அறிய உதவும் முக்கியமான ஆவணங்களில் ஒன்று இது.

தமிழில் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்நூலை இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு தரப்பினர் இதைத் தியாகத்தின் சான்றாக வாசித்தனர். மறுதரப்பினர் மதமாற்றத் திட்டத்தின் சான்றாக வாசித்தனர். இரண்டு வாசிப்புகளுக்கும் நூலில் இடமுண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் படித்த சிறுமிகளும் அவர்களின் தாய்மாரும் இந்த இரண்டு வாசிப்புகளிலும் பெரும்பாலும் இல்லை. அவர்களை மையமாகக் கொண்டு வாசிக்கும்போது நூலின் பெறுமதியும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

வரலாற்றுப் பின்னணி

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சபைகள் 1810ல் வெளிநாட்டு மிஷன் பணிக்காக அமெரிக்க போர்டு என்ற அமைப்பை உருவாக்கின. அந்த அமைப்பு அனுப்பிய முதல் குழுவினர் 1812ல் இந்தியாவுக்கு வந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வரவேற்கவில்லை. 1816ல் இலங்கைக்கு வந்த குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பணிசெய்ய அனுமதி கிடைத்தது. டேனியல் பூர் தெல்லிப்பழையில் தங்கிப் பணியைத் தொடங்கினார். மற்றவர்களில் சிலர் வட்டுக்கோட்டையை மையமாக்கினர்.

ஹாரியட் 1796ல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் லாத்ராப் குடும்பத்தில் பிறந்தார். 1819 ஜனவரியில் மிரோன் வின்ஸ்லோவை மணந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கணவருடன் கப்பலேறினார். லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோரின் குடும்பங்களும் அதே கப்பலில் வந்தன. கல்கத்தா வழியாக 1820ல் யாழ்ப்பாணம் சேர்ந்த வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியேறினர். அப்போது ஹாரியட்டுக்கு வயது இருபத்து நான்கு.

அதே ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய அரசு, புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதைத் தடைசெய்தது. அச்சகம் நடத்துவதற்காக வந்த ஜேம்ஸ் காரெட் திருப்பி அனுப்பப்பட்டார். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் தொடர அனுமதி இருந்தது. இந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஹாரியட் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஆண்டுகள் கிட்டத்தட்ட முழுமையாக இந்தத் தடைக்காலத்தில் அடங்குகின்றன. பள்ளியின் பொறுப்பு ஒருசிலர் தோளிலேயே விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

நூலின் வகைமை

பெண் மிஷனரிகளின் நினைவு நூல் என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட ஒரு வகைமை. அதன் தொடக்கம் ஹாரியட் நியூவெல்லின் நினைவு நூல். 1812ல் வந்த முதல் குழுவைச் சேர்ந்த ஹாரியட் நியூவெல் பணி எதையும் தொடங்குமுன்பே மொரிஷியஸ் தீவில் தன் பத்தொன்பதாவது வயதில் இறந்தார். 1814ல் வெளியான அவருடைய நினைவு நூல் பல பதிப்புகள் கண்டது. பர்மாவில் பணியாற்றிய ஆன் ஜட்சனின் நினைவு நூல் 1829ல் வெளிவந்தது. ஹாரியட் வின்ஸ்லோவின் நூல் இந்த வரிசையில் வருகிறது.

இவ்வகை நூல்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. குழந்தைப்பருவத்துப் பக்தி, மனந்திரும்பிய அனுபவம், தொலைதேசத்துக்கான அழைப்பு, பெற்றோரைப் பிரியும் காட்சி, கடற்பயணம், அந்நிய மண்ணின் முதல் அதிர்ச்சி, பணி, நோய், அமைதியான மரணம் என்று கதை நகரும். மரணமே நூலுக்குக் காரணம் என்பதால் எல்லா நிகழ்வுகளும் மரணத்தை நோக்கியே அடுக்கப்படும். வாசிக்கும் இளம்பெண் தானும் அப்படிச் செல்ல விரும்ப வேண்டும், செல்ல முடியாதவள் நன்கொடை தர வேண்டும் என்பது இதன் நோக்கம். ஹாரியட்டின் சகோதரியர் மூவரும் அவரைப் பின்பற்றி மிஷன் பணிக்கு வந்தனர்.

ஹாரியட்டின் எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய கணவர். ஒரு மனைவியின் அந்தரங்கக் குறிப்புகளில் எது பொதுவாசிப்புக்கு உகந்தது என்று முடிவு செய்தவரும் அவரே. ஆகவே நூலில் கேட்பது ஹாரியட்டின் குரல்தான் என்றாலும் அது வடிகட்டப்பட்ட குரல். சோர்வும் ஐயமும் விசுவாசத்தில் முடியும்போது மட்டுமே இவ்வகை நூல்களில் இடம்பெற முடியும். பின்னாளில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862ல் வெளியிட்ட மிரோன் வின்ஸ்லோ, ஜோசப் நைட் முதலியோர் திரட்டி வைத்த சொற்களஞ்சியத்தின் மேல் அதை உருவாக்கினார். பிறர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஒழுங்குபடுத்தி நூலாக்கும் தொகுப்பாளர் என்ற இயல்பு அவருடைய இந்த முதன்மையான இரு பணிகளிலும் தெரிகிறது.

திண்ணையில் தொடங்கிய பள்ளி

உடுவில் பள்ளியின் தொடக்கம் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. ஹாரியட் வீட்டில் தையல்வேலை செய்துகொண்டிருக்கும்போது அயலிலிருந்த சிறுமிகள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். படிக்கப் பழகினால் உடுப்பு தைத்துத் தருவதாக அவர் சொன்னார். ஒருநாள் கடும் மழையில் இரு சிறுமிகள் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. பசித்தபோது மிஷன் வீட்டில் சமைத்த சோற்றைச் சாப்பிட்டார்கள். தேடிவந்த தகப்பனுக்கு முதலில் கோபம் வந்தது. சாதி ஒழுங்கு மீறப்பட்டுவிட்ட பின் பிள்ளைகளை அங்கேயே படிக்க விட்டார்.

இக்கதை சிறிய வேறுபாடுகளுடன் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. பள்ளி விழாக்களில் சொல்லத்தக்க இனிய கதை. ஆனால் கூர்ந்து நோக்கினால் பின்னாளில் வரவிருக்கும் எல்லாச் சிக்கல்களும் இதில் இருக்கின்றன. சிறுமியை ஈர்ப்பது உடுப்பு. தகப்பன் அஞ்சுவது சாதியை. சோறு ஒரு எல்லைக்கோடாக இருக்கிறது. முடிவெடுப்பவர் தகப்பன். தாய் கதையில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் குடும்பப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பது வழக்கமில்லை. வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர் என்ற எண்ணம் இருந்ததாக மிஷனரிகள் மீண்டும் மீண்டும் எழுதினர். இதில் மிகை இருக்கலாம். ஆனால் திண்ணைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் இல்லை என்பது உண்மை. அந்தச் சூழலில் 1824ல் பெண்பிள்ளைகளுக்கென மத்திய உறைவிடப் பள்ளியை உடுவிலில் தொடங்கியது துணிவான செயல். ஆசியாவில் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட மிகப் பழைய உறைவிடப் பள்ளிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. தமிழ் வாசிப்பும் எழுத்தும், கணிதம், பூகோளம், தையல், வேதாகமம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன.

வீட்டிலிருந்து பிரித்தல்

உறைவிடப் பள்ளி என்ற முறை தற்செயலாக உருவானதல்ல. மிஷன் நடத்திய கிராமப் பகல்பள்ளிகளில் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினார்கள். காலையில் கற்றதை மாலையில் வீடு அழித்துவிடுகிறது என்பது மிஷனரிகளின் மனக்குறை. ஆகவே பிள்ளையை முழுநேரமும் மிஷன் வளாகத்தில் வைத்திருந்தால்தான் புதிய பழக்கங்கள் நிலைக்கும் என்று முடிவு செய்தனர். உணவும் உடையும் மிஷன் செலவு. படிப்பு முடியும்வரை பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வதில்லை என்று பெற்றோர் உடன்பட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மிஷனின் பார்வை தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைக்கு நேரக்கூடிய தீங்கு அதன் வீட்டில்தான் இருக்கிறது. வீட்டின் மையமாக இருப்பவள் தாய். மிஷன் இலக்கியத்தில் தமிழ்த் தாய் அறியாமையில் ஆழ்ந்தவளாக, மகளின் நற்கதிக்குத் தடையாக வருவது இதனால்தான். பிள்ளையை அனுப்பிய பின் அந்தத் தாயின் வீடு எப்படி இருந்தது என்று இவ்வகை எழுத்து கேட்பதில்லை. விடுமுறையில் திரும்பிய மகளை அவள் எப்படி எதிர்கொண்டாள், இருவரும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதும் பதிவாவதில்லை.

தமிழ்க் குடும்பங்கள் வெறுமனே ஏமாந்து பிள்ளைகளை ஒப்படைத்தன என்று சொல்வதும் பிழை. உணவும் உடையும் கிடைப்பது ஏழைக் குடும்பத்துக்கு ஒரு காரணம். ஆண்பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைத்தால் அரசு வேலை கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். சாதி ஒழுங்கைக் காப்பதற்காக யார் சமைப்பது, எங்கே சமைப்பது என்று மிஷனரிகளோடு பேரம் பேசிய பெற்றோரும் இருந்தனர். அவர்கள் தமக்கு வேண்டியதை அறிந்தே நடந்துகொண்டார்கள். நினைவு நூல் இந்தக் கணக்குகளை உலகாயதம் என்று தள்ளுகிறது. ஆனால் பள்ளி நிலைத்ததற்கு இக்கணக்குகளும் காரணம்.

சார்ல்ஸ்

நூலின் துயரமான மையம் வின்ஸ்லோ தம்பதியரின் மூத்த மகன் சார்ல்ஸ். 1821ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். மிஷனரிகளின் பிள்ளைகள் இந்த மண்ணின் சூழலில் வளர்வது நல்லதல்ல என்ற எண்ணம் அக்காலத்தில் அவர்களிடையே வலுவாக இருந்தது. படிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் அமெரிக்காவே ஏற்றது என்று கருதினர். மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் பிள்ளையை அனுப்பினால் மீண்டும் பார்ப்பது ஏறத்தாழ இயலாது. அப்படித்தான் சார்ல்ஸ் அனுப்பப்பட்டான். 1832 மே மாதம் நியூயார்க்கில் இறந்தான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று. அவன் பெயரிலும் ஒரு சிறு நினைவு நூல் வெளியிடப்பட்டது. 1833 ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் இறந்தார்.

நினைவு நூலை இன்று வாசிப்பவர் இந்த இடத்தில் நின்றாக வேண்டும். ஒரே வளாகத்தில் இரு பிரிவுகள் நிகழ்கின்றன. அயலூர்ச் சிறுமி தன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஹாரியட்டிடம் வருகிறாள். ஹாரியட்டின் மகன் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டு அமெரிக்காவுக்குச் செல்கிறான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்த மண்ணின் வீடுகளும் தெருக்களும் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை. தான் பிறருக்கு விதித்த விதியை ஹாரியட் தனக்கும் விதித்துக்கொண்டார். அதில் போலித்தனம் இல்லை.

ஆனால் நூல் இந்த இரு பிரிவுகளையும் ஒரே எடையில் வைக்கவில்லை. மிஷனரித் தாயின் பிரிவு தியாகமாகிறது. அதற்குக் கண்ணீரும் வேதவசனமும் பக்கங்களும் கிடைக்கின்றன. தமிழ்த் தாயின் பிரிவு பள்ளியின் வெற்றியாகிறது. அது சேர்க்கை எண்ணிக்கையில் ஒன்றாகக் கூட்டப்படுகிறது. ஹாரியட்டின் துயரை மிக நுட்பமாக உணர்த்தும் நூல், அதே துயர் சில நூறு அடி தூரத்தில் ஓலைவீட்டில் இருக்கக்கூடும் என்று எண்ணவில்லை. இந்நூலின் மிகப் பெரிய குறை இதுவே. இது கொடுமையினால் வந்த குறையல்ல. அன்பு உண்டு, ஆனால் அந்த அன்பு தனக்கு இணையான ஒருத்தியை எதிரே காணவில்லை.

உடுவில் கிராமம் ஹாரியட்டை விரும்பியதற்கும் அவர் கிராமத்துப் பிள்ளைகளை விரும்பியதற்கும் பல தடயங்கள் உண்டு. அவருக்குப்பின் ஸ்பால்டிங் குடும்பத்தினர் பள்ளியைப் பொறுப்பேற்றனர். 1840ல் வந்த எலைசா அக்னியூ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே தலைமையாசிரியையாக இருந்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883ல் மானிப்பாயில் இறந்தார். மணமாகாத அவரை ஆயிரம் மகள்களின் தாய் என்று அழைத்தனர். அந்தப் புகழ்மொழி அழகானது. அந்த ஆயிரம் பேருக்கும் ஏற்கெனவே ஒரு தாய் இருந்தாள் என்பதை அது மறக்கிறது.

நன்கொடையாளர் இட்ட பெயர்கள்

உறைவிடப் பள்ளிகளுக்கான பணம் அமெரிக்கச் சபைகளிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவை ஒருவரோ ஒரு சபையோ பெண்கள் சங்கமோ ஏற்றுக்கொள்ளலாம். பதிலுக்கு அப்பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். பெரும்பாலும் மறைந்த போதகர், அன்புக்குரிய உறவினர் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. நன்கொடையாளருக்கு அப்பிள்ளையைப் பற்றிய செய்தி அனுப்பப்பட்டது. பிள்ளைக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது என்பது பொருட்படுத்தப்படவில்லை.

யாழ்ப்பாணத் தமிழிலக்கிய வரலாற்றில் வரும் பல விசித்திரமான பெயர்களுக்கு இதுவே பின்னணி. 1841ல் தொடங்கிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இரு தமிழர்கள். பெயரை மட்டும் பார்ப்பவர் இருவரையும் வெள்ளையர் என்றே எண்ணுவார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் இரண்டு உலகங்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

பெண்பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினமானது. ஆண்கள் வளர்ந்தபின் ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தம் அடையாளத்தை மீட்டுக்கொண்டார்கள். நூல் எழுதினார்கள். பதவி வகித்தார்கள். அவர்களைத் தேடினால் கிடைக்கிறார்கள். உடுவிலில் படித்த முதல் தலைமுறைச் சிறுமி மிஷன் ஆவணத்தில் ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயரிலும், திருமணத்துக்குப்பின் இன்னாரின் மனைவி என்ற நிலையிலும் மறைந்துபோகிறாள். அவள் பிறந்தபோது இட்ட பெயரை இன்று கண்டறிவது பெரும்பாலும் இயலாது. கல்வி வழங்கிய அதே பதிவேடு பெயரை அழித்திருக்கிறது.

சீதனம்

உடுவில் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று, வட்டுக்கோட்டை குருமடத்தில் படித்த இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவது. வட்டுக்கோட்டை குருமடம் 1823ல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே உடுவில் பள்ளி உருவானது தற்செயல் அல்ல. கிறிஸ்தவ இளைஞன் சைவக் குடும்பத்தில் பெண்ணெடுத்தால் மறுபடியும் பழைய வழிக்குத் திரும்பிவிடுவான் என்று மிஷனரிகள் அஞ்சினர்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் திருமணம் இல்லை. மிஷன் பள்ளியில் படித்த பெண்ணை யார் மணப்பார்கள், பெற்றோர் சீதனம் தர மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் எழுந்தன. இதற்கு மிஷன் கண்ட தீர்வு, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குத் தானே ஒரு தொகையைச் சீதனமாக வழங்குவது. பெண்ணை உயர்த்த வந்த அமைப்பு, பெண்ணுக்கு விலைவைக்கும் வழக்கத்துக்குள் தானும் நுழைந்தது. மிஷன் யாழ்ப்பாணத்தை மாற்றியது போலவே யாழ்ப்பாணமும் மிஷனை மாற்றியது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

இதைக் கண்டிப்பது எளிது. ஆனால் அந்தப் பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தால் அத்தொகை அவளுக்கு ஒரு பாதுகாப்பு. வீட்டோடு முரண்பட்டு நின்றவளுக்கு வேறு ஆதாரம் இல்லை. நினைவு நூலின் உயர்ந்த சொற்களைவிட இந்தச் சிறிய கணக்கு அன்றைய பெண்வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்கிறது.

எதிர்பாராத விளைவுகள்

கற்பித்தவர்கள் எண்ணியதும் கற்றவர்கள் செய்ததும் ஒன்றல்ல. மிஷன் வேதாகமத்தை வாசிப்பதற்காக எழுத்தறிவைத் தந்தது. அந்த எழுத்தறிவு வேறு திசைகளில் சென்றது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886ல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தது. அவர்களில் பெரும்பாலோர் சைவ, வைணவ மரபினர். அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட ஒருவர் தமிழ்ப் புலவர்களின் பெயர்கள் மறையாமல் காத்தார்.

மிஷனுக்கு எதிர்வினையும் மிஷனின் கருவிகளைக் கொண்டே எழுந்தது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர். பீட்டர் பெர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். அவர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடநூல், அச்சகம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் மிஷனரிகளிடமிருந்து கற்றுச் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். பெண்களின் கல்வியில் இந்த எதிர்வினை தாமதமாகவே வந்தது. பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கான கல்லூரியை 1913ல் தொடங்கினார். அது அமைந்த இடம் உடுவிலுக்கு அருகே உள்ள மருதனார்மடம். ஹாரியட்டின் பள்ளிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் இருக்கின்றன.

மிஷனின் தலைமையகமே தன் பள்ளிகளின் மீது ஐயம் கொண்ட தருணமும் உண்டு. 1855ல் அமெரிக்க போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் யாழ்ப்பாணம் வந்து பணிகளைப் பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வி அரசு உத்தியோகத்துக்கு ஆட்களை உருவாக்குகிறது, சபைக்குப் போதகர்களை உருவாக்கவில்லை என்பது அவர் தரப்பின் கருத்து. வட்டுக்கோட்டை குருமடம் அந்த ஆண்டே மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் இதை ஏற்கவில்லை. அவர்களின் விடாமுயற்சியால் 1872ல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது. பள்ளி யாருக்காக என்ற கேள்விக்குத் தந்தவர்களின் பதிலும் பெற்றவர்களின் பதிலும் வேறாக இருந்தன என்பதை 1855 தெளிவாகக் காட்டியது.

மதிப்பீடு

ஹாரியட் வின்ஸ்லோ நினைவு நூலை மூன்று நிலைகளில் மதிப்பிடலாம்.

வரலாற்று ஆவணமாக இது இன்றியமையாதது. 1820களின் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் எழுதிய அன்றாடக் குறிப்புகள் வேறு அதிகம் இல்லை. பள்ளியின் தொடக்கம், மிஷன் வீட்டின் நடைமுறை, நோய்கள், அயலாரோடு உறவு ஆகியவற்றை அறிய இதை நாடியே ஆகவேண்டும்.

இலக்கியமாக இது தன் வகைமையின் எல்லைக்குள் நிற்கிறது. மகனைப் பிரியும் பகுதிகளில் வகைமையைத் தாண்டிய உண்மை இருக்கிறது. மற்ற இடங்களில் தொகுப்பாளரின் நோக்கம் குரலை மூடிவிடுகிறது.

கல்வி வரலாற்றின் சாட்சியமாக இதை மட்டும் நம்புவது பிழை. இங்கே ஆசிரியை இருக்கிறார், மாணவி இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. ஒரு தாய் இருக்கிறாள், இன்னொரு தாய் இல்லை. தொலைதேசத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செல்லும் பயணங்கள் அனைத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். சென்றவரின் நாட்குறிப்பு மட்டுமே எஞ்சும்போது, கற்பிக்கப்பட்ட பிள்ளை சென்றவரின் வாழ்க்கைக்கதையில் ஒரு நிகழ்வாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை உடுவில் பள்ளியே பின்னாளில் ஓரளவு நிரப்பியது. அங்கே பயின்ற மங்களநாயகம் தம்பையா 1914ல் நொறுங்குண்ட இருதயம் என்ற நாவலை எழுதினார். ஈழத்தில் பெண் எழுதிய முதல் நாவல்களில் ஒன்று அது. யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பச் சூழலில் மணவாழ்க்கையில் ஒரு பெண் அடையும் துயரை அது பேசுகிறது. கிறிஸ்தவ அறநெறியை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்ட நாவல்தான். ஆயினும் அதில் தமிழ்ப் பெண்ணின் துயர் பிறர் எழுதும் அறிக்கையின் ஒரு வரி அல்ல. அவளே எழுதும் கதை.

ஹாரியட் வின்ஸ்லோவின் நினைவு நூல் வெளியான 1835க்கும் இந்நாவல் வெளியான 1914க்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். முதல் நூலில் எழுத்தைக் கற்பிப்பவரின் மனம் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது நூலில் கற்றவரின் மனம் பதிவாகியிருக்கிறது. மாணவர்கள் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தனியாக வாசித்தால் முதல் நூல் ஒரு புனிதவதியின் கதையாகவோ ஒரு ஆக்கிரமிப்பின் கதையாகவோ சுருங்கிவிடும். சேர்த்து வாசித்தால், உடுப்புக்கு ஆசைப்பட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த சிறுமி, தன்னை அழைத்தவர் எண்ணாத ஒன்றையும் அங்கிருந்து எடுத்துச் சென்றாள் என்பது புரியும்.